சுவரில் எழுதிய பெயர்கள்

இங்கிலாந்துக்குப் போய்த் திரும்பியவர்களைப் பார்த்து, "அங்கே என்ன பார்த்தீர்கள்?" என்று கேட்டால் பெரும்பாலும் ஒரே விதமான பதில்தான் கிடைக்கும். பார்லிமெண்டுக் கட்டிடம், பெரிய மணிக்கூண்டு, அரண்மனை வாசலில் கரடித் தோல் தொப்பி அணிந்து சிலை போல் நிற்கும் சிப்பாய், தேம்ஸ் நதியின் பாலம் என்று ஜாபிதா முடிந்துவிடும். இவற்றைப் பார்ப்பதில் தவறொன்றும் இல்லை. ஆனால் தலைநகரம் என்பது ஒரு தேசம் அந்நியருக்குக் காட்டுவதற்காகச் சிங்காரித்து வைத்திருக்கும் முகம். அந்தத் தேசத்து ஜனங்கள் எப்படி வாழ்ந்தார்கள், எதை நம்பினார்கள், எதற்காகக் கைப்பொருளை மனமுவந்து கொடுத்தார்கள் என்று அறிய விரும்புகிறவன் கிராமத்துக்குத்தான் போக வேண்டும். கிராமத்தில் எங்கே போவது என்று கேட்டால், ஊர்க் கோயிலுக்கு என்று தயங்காமல் சொல்லுவேன்.

இங்கிலாந்து என்றதும் நமக்கு நினைவு வருவது கப்பலும் பீரங்கியும் கொண்டு நம்மை ஆண்ட இங்கிலாந்து. அதற்கு முன்னால் வேறோர் இங்கிலாந்து இருந்தது. அது உலகத்தின் ஓர் ஓரத்தில் மழையிலும் பனியிலும் நனைந்துகொண்டு, ஆட்டு ரோமத்தை நம்பிப் பிழைத்த சின்னஞ்சிறு தேசம். அந்தப் பழைய இங்கிலாந்தைக் காண வேண்டும் என்ற ஆசை எனக்கு வெகு நாளாக இருந்தது. அதற்காக நான் தேர்ந்தெடுத்த ஊர் ஸபோக் மாகாணத்தில் உள்ள லாங் மெல்போர்டு.

லண்டனிலிருந்து ரயிலில் ஸட்பரி வரையில் போகலாம். லாங் மெல்போர்டிலேயே ஒரு காலத்தில் ரயில் நிலையம் இருந்தது. 1967-ல் அதை மூடிவிட்டார்கள். ஆகையால் ஸட்பரியில் இறங்கி மூன்று மைல் தூரம் பஸ்ஸில் போனேன். 'லாங்' என்றால் நீளம் என்பது எல்லோருக்கும் தெரியும். ஊர் பெயருக்கேற்றபடிதான் இருக்கிறது. ஒரே தெரு, போய்க்கொண்டே இருக்கிறது. இரு பக்கமும் மரச்சட்டங்கள் வெளியே தெரியும்படி கட்டிய பழைய வீடுகள். தெருவின் வடகோடியில் வீடுகள் விலகிக்கொள்ள, அகன்ற புல்வெளி ஒன்று மேட்டை நோக்கி ஏறுகிறது. அந்த மேட்டின் உச்சியில், முதியோருக்காக 1573-ல் கட்டிய தர்ம விடுதிக்குப் பின்னால், பரிசுத்த திரித்துவத்தின் பெயரால் அமைந்த கோயில் நிற்கிறது.

கோயிலைக் கண்டதும் முதலில் உண்டாவது பக்தியோ வியப்போ அல்ல, சந்தேகம். 'இது என்ன, பிஷப்பு வாழும் பெருநகரத்துப் பிரதான ஆலயமா? கிராமத்துக்கு இவ்வளவு பெரிய கோயில் எதற்கு?' என்று தோன்றுகிறது. ஜனங்கள் நின்று வழிபடும் மண்டபம் மட்டும் ஏறக்குறைய நூற்றைம்பது அடி நீளம். இங்கிலாந்தின் ஊர்க் கோயில்களில் இதற்கு இணையான நீளமுள்ள மண்டபங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். இவ்வளவு பெரிதாகக் கட்டியதற்குத் தக்க காரணம் இருந்தது.

இங்கிலாந்து முழுவதும் 'பாரிஷ்' என்னும் பங்குகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. ஒவ்வொரு பங்குக்கும் ஒரு கோயில், ஒரு குரு. ஜனங்கள் தங்கள் விளைச்சலில் பத்தில் ஒரு பாகத்தைக் கோயிலுக்குச் செலுத்த வேண்டும். கோயிலைப் பழுது பார்க்கும் பொறுப்பை இரண்டாகப் பிரித்திருந்தார்கள். பீடம் இருக்கும் கிழக்குப் பாகம் குருவின் பொறுப்பு. ஜனங்கள் கூடும் மேற்குப் பாகம் ஜனங்களின் பொறுப்பு. ஊரார் தங்களுக்குள் தேர்ந்தெடுத்த தர்மகர்த்தாக்கள் கணக்கு எழுதினார்கள். இந்த ஏற்பாட்டின் விளைவு என்ன தெரியுமா? ஊரில் பணம் பெருகியபோதெல்லாம் ஜனங்களின் பாகம் வளர்ந்தது. ஆகவே, ஓர் இங்கிலீஷ் ஊர்க் கோயிலின் மண்டபத்தைப் பார்த்தே அவ்வூராரின் செல்வம் எந்த நூற்றாண்டில் ஏறிற்று, எப்போது இறங்கிற்று என்று ஓரளவு சொல்லிவிடலாம்.

மெல்போர்டில் செல்வம் ஏறிய காலம் பதினைந்தாம் நூற்றாண்டு. அதற்கு முன்பு இங்கிலாந்து கச்சாக் கம்பளியைக் கடல் கடந்து பிளாண்டர்ஸ் தேசத்துக்கு அனுப்பிவிட்டு, அங்கே நெய்த துணியை விலை கொடுத்து வாங்கிக் கொண்டிருந்தது. பிறகு புத்தி வந்தது. மூன்றாம் எட்வர்டு அரசன் பிளாண்டர்ஸ் நெசவாளரை அழைத்துக் குடியேற்றினான். வெளியே போகும் கம்பளிக்கு அதிக வரியும், வெளியே போகும் துணிக்குக் குறைந்த வரியும் ஏற்பட்டன. விளைந்த பொருளை விளைந்த நாட்டிலேயே நெய்ய வேண்டும் என்ற பாடத்தை இங்கிலாந்து நன்றாகக் கற்றுக்கொண்டது. பிற்காலத்தில் அந்தப் பாடத்தை மற்றத் தேசங்கள் கற்றுக்கொள்ள அது விடவில்லை என்பது வேறு கதை. எப்படியானாலும், ஸபோக் மாகாணத்து ஆற்றோரக் கிராமங்களில் தறிச் சத்தம் கேட்கத் தொடங்கியது. மெல்போர்டின் துணி வியாபாரிகள் பணக்காரர்களானார்கள். 1460-ஐ ஒட்டித் தொடங்கி அந்நூற்றாண்டு முடிவதற்குள் தங்கள் பழைய கோயிலைப் பெரும்பாலும் இடித்துப் புதிதாகக் கட்டிவிட்டார்கள்.

பெரும்பாலும் என்று சொன்னேன், முழுவதும் அல்ல. மண்டபத்தின் மேற்குப் புறத்துத் தூண்களைக் கவனித்துப் பார்த்தால் அவை பதினான்காம் நூற்றாண்டைச் சேர்ந்தவை என்று தெரியும். நல்ல தூணை எதற்கு இடிப்பது என்று விட்டு வைத்தார்கள் போலும். பணக்காரர்களானாலும் சிக்கனமான மனிதர்கள்!

புதிதாகக் கட்டிய பாகங்களின் பாணிக்கு 'பெர்பெண்டிகுலர்', அதாவது செங்குத்துப் பாணி, என்று பெயர். கட்டியவர்கள் இந்தப் பெயரை அறியார்கள். 1817-ல் தாமஸ் ரிக்மன் என்பவர் இங்கிலாந்தின் பழைய கோயில்களை ஆராய்ந்து, கால வரிசைப்படி பாணிகளைப் பிரித்து வைத்த பெயர்களில் ஒன்று இது. மற்ற ஐரோப்பிய நாடுகளில் கற்கொடிகள் சுடர் போல் நெளிந்துகொண்டிருந்த காலத்தில், இங்கிலாந்தின் கல்தச்சர்கள் எல்லாக் கோடுகளையும் நிமிர்த்திவிட்டார்கள். ஜன்னலின் கல் கம்பிகள் அடியிலிருந்து வளைவு வரையில் நேராக ஏறுகின்றன. கீழ் வரிசை வளைவு ஒவ்வொன்றுக்கும் மேலே இரண்டிரண்டு ஜன்னல்கள். உள்ளே நின்று பார்த்தால் சுவர் எங்கே என்று தேட வேண்டியிருக்கிறது. எங்கும் கண்ணாடியும் வெளிச்சமுமாய் இருக்கிறது. சூரியனைக் காண்பதே அரிதான தேசத்தில் கிடைத்த வெளிச்சத்தையெல்லாம் உள்ளே அழைத்துவர ஆசைப்பட்டார்கள்.

வெளிச்சுவரின் வேலைப்பாடு இன்னும் விசேஷமானது. ஸபோக் மாகாணத்தில் நல்ல கட்டிடக் கல் கிடையாது. அங்கே வயலை உழும்போதெல்லாம் அகப்படுவது சிக்கிமுக்கிக் கல் ஒன்றுதான். வெண்மையான கல் வேண்டுமானால் வெகு தூரத்திலிருந்து கொண்டுவர வேண்டும். அதற்கு ஆகும் செலவு கொஞ்சமல்ல. இந்த வறுமையையே அந்தப் பிரதேசத்துக் கல்தச்சர்கள் ஓர் அழகாக மாற்றிவிட்டார்கள். சிக்கிமுக்கிக் கல்லைச் சுத்தியால் தட்டிப் பிளந்தால் உட்புறம் கறுப்புக் கண்ணாடி போலப் பளபளக்கும். வெண்கல்லைப் பலகையாக அறுத்து, அதில் உருவங்களையும் எழுத்துக்களையும் வெட்டி, அவற்றைச் சுற்றியுள்ள குழிகளில் கறுப்புக் கற்களை நெருக்கமாகப் பதித்தார்கள். கறுப்பு நிலத்தில் வெள்ளை எழுத்து, சுவரே ஏடாகிவிட்டது.

கோயில் சுவரில் சாசனம் படித்துப் பழகிய நமக்கு இதில் ஆச்சரியம் இல்லை. ஆனாலும் அங்கே எழுதியிருப்பதைப் படித்தபோது நான் சற்று நேரம் அசையாமல் நின்றுவிட்டேன். அரசனின் மெய்க்கீர்த்தி எதுவும் அங்கே இல்லை. ராபர்ட் ஸ்பாரோ, அவன் மனைவி மேரியன், தாமஸ் கூப்பர், அவன் மனைவி மேபல் ஆகியோரின் ஆத்மாக்களுக்காகப் பிரார்த்தியுங்கள் என்று சுவர் நம்மைக் கேட்டுக்கொள்கிறது. அவர்கள் விட்டுச் சென்ற பொருளைக் கொண்டும், ஊரிலுள்ள நல்ல மனம் படைத்தவர்களின் உதவியைக் கொண்டும், ஏழு வளைவுகளை 1481-ல் புதுப்பித்ததாகச் சொல்லுகிறது. இன்னோரிடத்தில் மார்ட்டின் என்ற குடும்பத்தாரின் பெயர்கள் இருக்கின்றன. வாசகர்கள் இந்தப் பெயரை ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். வேறோரிடத்தில் ஜான் கிளாப்டன் என்னும் பிரபுவின் பெயரும், அவர் வீட்டுப் பட்லராயிருந்த ரிச்சர்ட் லவ்டே என்பவரின் பெயரும் ஒரே சாசனத்தில் வருகின்றன. உயிரோடு இருந்தபோது எஜமான் உட்கார, பட்லர் நின்றிருப்பார். சுவரில் இருவரும் சமமாக நின்று, போகிறவர் வருகிறவரிடம் ஒரே பிச்சையைக் கேட்கிறார்கள்.

அந்தப் பிச்சையின் பொருளைச் சற்று விளக்க வேண்டும். மரித்தவர்களில் மகா பரிசுத்தர்கள் நேரே மோட்சம் போவார்கள். மகா பாவிகள் நரகம் போவார்கள். நடுத்தரமான நம் போன்றவர்கள் 'உத்தரிக்கும் ஸ்தலம்' என்ற இடத்தில் தங்கள் குற்றங்களுக்காக வெந்து தணிந்து, சுத்தியான பிறகே மேலே போவார்கள் என்பது அக்காலத்து நம்பிக்கை. பூமியில் உள்ளவர்கள் பிரார்த்தனை செய்தால் அந்த வேதனைக் காலம் குறையும். ஆகையால் பணம் உள்ளவர்கள் தங்களுக்காகத் தினந்தோறும் பூசை செய்வதற்கு நிலமும் மானியமும் விட்டுச் சென்றார்கள். கோயிலுக்குக் கொடுத்தவர்கள் பெயரைச் சுவரில் பதித்தார்கள். தற்பெருமை அறவே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. மனித சுபாவம் எங்கும் ஒன்றுதானே! அந்தச் சந்தேகம் அவர்களுக்கே இருந்திருக்கிறது. ஏனென்றால் லத்தீன் மொழியிலுள்ள ஒரு சாசனம், புகழ் பெறுவதற்காக இதைச் செய்யவில்லை, ஆத்மா நினைக்கப்படுவதற்காகவே செய்தேன் என்று கிறிஸ்துவையே சாட்சிக்கு அழைக்கிறது.

இவ்வளவுக்கும் நடுநாயகமாக விளங்கிய ஜான் கிளாப்டனின் வாழ்க்கை ஒரு நாவலுக்குப் போதுமானது. ஊருக்கு அருகிலுள்ள கெண்ட்வெல் மாளிகை அவருடையது. இங்கிலாந்தின் சிம்மாசனத்துக்காக லங்காஸ்டர் வம்சத்தாரும் யார்க் வம்சத்தாரும் வெட்டி மடிந்துகொண்டிருந்த காலம் அது. லங்காஸ்டர் கட்சியாரோடு சேர்ந்து ராஜத்துரோகம் செய்ததாகக் குற்றம் சாட்டி, 1462-ல் ஆக்ஸ்போர்டு பிரபுவையும் அவர் மகனையும் இன்னும் சிலரையும் லண்டன் கோட்டையில் அடைத்தார்கள். அவர்களில் கிளாப்டனும் ஒருவர். பிரபுவின் தலையும் மகனின் தலையும் மற்றவர்களின் தலைகளும் உருண்டன. கிளாப்டன் மட்டும் எப்படியோ உயிரோடு வீடு திரும்பினார். அதன் பிறகு முப்பத்தைந்து வருஷம் வாழ்ந்தார். கொலைக்களத்தின் வாசலைத் தொட்டுவிட்டு வந்த மனிதருக்கு மறு உலகத்தைப் பற்றிய எண்ணம் மற்றவர்களைவிட அதிகமாக இருந்ததில் வியப்பில்லை. அவர் கொடுத்த பொருளால் கோயில் வளர்ந்தது. ஜன்னல் கண்ணாடிகளில் தம் உறவினர்களையும் நண்பர்களையும் வண்ணத்தில் தீட்டச் செய்தார்.

பீடத்துக்கு வடபுறத்தில் அவர் தமக்கென்று அமைத்துக்கொண்ட சிற்றறை இருக்கிறது. அதன் மேல் விளிம்பைச் சுற்றிலும் மரத்தில் செதுக்கிய நீண்ட சுருளேட்டில், அருகிலுள்ள பரி மடத்துத் துறவியான கவிஞர் ஜான் லிட்கேட்டின் பாடல்களை எழுதியிருக்கிறார்கள். அறைக்கும் பீடத்துக்கும் இடையில் சுவரைக் குடைந்து கிளாப்டனின் சமாதி. அதன் மேல் வளைவில் உயிர்த்தெழுந்த இயேசுவின் சித்திரம் இன்னும் வண்ணம் மங்காமல் தெரிகிறது. பெரிய வெள்ளிக்கிழமைக்கும் ஈஸ்டருக்கும் இடையில் இயேசுவின் கல்லறையாகப் பாவித்து வழிபடும் இடமாகவும் அந்தச் சமாதியே பயன்பட்டது. ஊரார் ஆண்டுதோறும் அங்கே வந்து மண்டியிடுவார்கள். தம்மையும் நினைப்பார்கள் என்று கிளாப்டன் கணக்குப் போட்டார். புத்திசாலியான கணக்குத்தான்.

கோயிலின் கிழக்குக் கோடியில், தனிக் கட்டிடம் போலவே, தேவமாதாவின் சிற்றாலயம் இருக்கிறது. 1496 என்ற வருஷம் அதன் சுவரில் பொறிக்கப்பட்டிருக்கிறது. நடுவில் கர்ப்பக்கிருகம் போன்ற ஓர் அறை. அதைச் சுற்றிலும் நம் பிராகாரத்தைப் போல வலம் வரும் பாதை. இங்கிலாந்தின் ஊர்க் கோயில்களில் இப்படிப்பட்ட அமைப்பைக் காண்பது அரிது. இது முடிந்த மறு வருஷம், 1497-ல், கிளாப்டன் காலமானார். இனிமேல் உலகம் உள்ளவரையில் மெல்போர்டு ஜனங்கள் தமக்காகப் பிரார்த்தனை செய்வார்கள் என்ற நிம்மதியோடுதான் கண்ணை மூடியிருப்பார்.

உலகம் உள்ளவரையில் என்று எண்ணியது ஐம்பது வருஷம் நிலைத்தது.

எட்டாம் ஹென்றி அரசன் போப்பாண்டவரோடு பிணங்கிக்கொண்டு மடங்களையெல்லாம் கலைத்தான். மெல்போர்டு கிராமத்தின் உரிமை பல நூற்றாண்டுகளாகப் பரி மடத்தாரிடம் இருந்தது. அந்த மடம் 1539-ல் ஒழிந்தது. அவனுக்குப் பிறகு பட்டத்துக்கு வந்த பாலகன் ஆறாம் எட்வர்டின் ஆட்சியில், 1547-ல், மரித்தவர்களுக்காகப் பூசை செய்யும் மானியங்கள் அனைத்தையும் சட்டம் போட்டுப் பறித்துக் கொண்டார்கள். உத்தரிக்கும் ஸ்தலம் என்பதே பொய் என்று சொல்லிவிட்டார்கள். சொரூபங்களை உடைக்கவும், சித்திரங்களுக்குச் சுண்ணாம்பு பூசவும், வெள்ளிப் பாத்திரங்களை விற்கவும் உத்தரவு பிறந்தது. இதையெல்லாம் அந்நியப் படை எதுவும் வந்து செய்யவில்லை. பாட்டன்மார் கொடுத்த பொருளைப் பேரன்மார் விற்றார்கள். விற்ற பொருளின் கணக்கைத் தர்மகர்த்தாக்கள் வரிசையாக எழுதி வைத்தார்கள்; அந்தக் கணக்குகள் அழியாமல் இருக்கின்றன. பிறகு 1553-ல் மேரி ராணி பட்டமேறியதும் பழைய வழிபாடு திரும்பிற்று. 1558-ல் எலிஸபெத் வந்ததும் மறுபடியும் போயிற்று. ஒருவன் தன் இளமைப் பருவத்திலேயே நான்கு விதமான கோயிலைப் பார்த்துவிடலாம்!

அப்படிப் பார்த்த ஒருவர் மெல்போர்டில் இருந்தார். அவர் பெயர் ரோஜர் மார்ட்டின். சுவரில் பெயர் உள்ள அதே மார்ட்டின் வம்சத்தார். கோயிலைச் சூறையாடியபோது அவருக்கு வயது இருபது. 1615-ல் கிழவராக இறக்கும் வரையில் பழைய மதத்தை அவர் விடவில்லை. இந்த மனிதர் தம் முதுமையில், சிறுவயதில் தாம் கண்ட கோயில் எப்படி இருந்தது என்று எழுதி வைத்தார். பீடத்துக்குப் பின்னால் இருந்த பொன் பூசிய சிற்பங்கள், கூரையில் மின்னிய பொன் நட்சத்திரங்கள், குருத்தோலை ஞாயிறன்று ஊரார் கோயிலைச் சுற்றி வந்த ஊர்வலம் ஆகியவற்றையெல்லாம் ஒன்று விடாமல் வர்ணிக்கிறார். திருநாளுக்கு முந்தின இரவில் தம் பாட்டனார் வீட்டு வாசலில் சொக்கப்பானை போல நெருப்பு மூட்டி, ஏழைகளுக்கு ரொட்டியும் ஒரு தொட்டி நிறைய வாற்கோதுமைப் பானமும் வழங்கியதைச் சொல்லுகிறார். அடுத்தபடியாக அவர் எழுதும் விஷயம் என் மனத்தை உருக்கிவிட்டது. தம் குடும்பத்தாரின் பீடத்துக்குப் பின்னால் இருந்த சிலுவைச் சிற்பம் சிதைந்த நிலையில் தம் வீட்டில் இருப்பதாகவும், தம் சந்ததியார் ஒரு நாள் அதைச் செப்பனிட்டுப் பழைய இடத்திலேயே வைப்பார்கள் என்று நம்புவதாகவும் எழுதியிருக்கிறார்.

அந்த நாள் அவர் வாழ்ந்த காலத்தில் வரவில்லை. அதற்கு மாறாக 1640-களில் உள்நாட்டு யுத்தம் வந்தது. பார்லிமெண்டின் ஆணையைக் கையில் வைத்துக்கொண்டு ஸபோக் மாகாணத்தின் கோயில்களில் மீதியிருந்த படக் கண்ணாடிகளைத் தேடித் தேடி உடைத்த காலம் அது. மெல்போர்டில் உடையாமல் தப்பிய கண்ணாடிகளை இன்று வடபுறத்து ஜன்னல்களில் சேர்த்து வைத்திருக்கிறார்கள். கை குவித்து மண்டியிட்ட சீமான்களும் சீமாட்டிகளும் அங்கிருந்து நம்மைப் பார்க்கிறார்கள். ஒரு சிறு வட்டக் கண்ணாடியில் மூன்று முயல்கள் ஒன்றையொன்று துரத்துகின்றன. எண்ணிப் பார்த்தால் மொத்தம் மூன்றே காதுகள். ஆனால் ஒவ்வொரு முயலுக்கும் இரண்டு காது இருக்கிறது! மூன்று ஞானிகள் குழந்தை இயேசுவை வணங்கும் பளிங்குச் சிற்பம் ஒன்றும் இருக்கிறது. அதை யாரோ ஒரு புண்ணியவான் தரைக்கு அடியில் புதைத்துக் காப்பாற்றியிருக்கிறான். பதினெட்டாம் நூற்றாண்டில் அது வெளிப்பட்டது.

தேவமாதாவின் சிற்றாலயம் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். அதை 1670 முதல் பள்ளிக்கூடமாக்கிவிட்டார்கள். நான் அங்கே நுழைந்தபோது வயது முதிர்ந்த ஓர் அம்மாள் ஜாடிகளில் பூ வைத்துக் கொண்டிருந்தார். என்னைக் கண்டதும், "கிழக்குச் சுவரைப் பார்த்தீர்களா?" என்று கேட்டார். சென்று பார்த்தேன். பொன்னும் வண்ணமுமாக மாதாவின் பீடம் இருந்திருக்க வேண்டிய சுவரில் பெருக்கல் வாய்ப்பாடு எழுதியிருந்தது!

"இதை ஏன் அழிக்காமல் வைத்திருக்கிறீர்கள்?" என்று கேட்டேன்.

"ஏன் அழிக்க வேண்டும்?" என்றார் அந்த அம்மாள். "இந்த ஊர்ப் பிள்ளைகள் படித்த இடம் அல்லவா? எங்களுக்கு இதுவும் கோயிலின் பாகம்தான்."

அவர் சொன்னது சாதாரண வார்த்தை. ஆனால் அதற்குப் பின்னால் இங்கிலாந்தில் நடந்த பெரிய வழக்கு ஒன்று இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அத்தேசத்தாருக்குப் பழைய கோயில்கள் மேல் திடீரென்று பக்தி பிறந்தது. கோயில்களைப் புதுப்பிக்கப் புறப்பட்டார்கள். ஒவ்வொரு கோயிலும் ஏதாவது ஒரு நல்ல காலத்துப் பாணியில் மாசு மறுவின்றி இருக்க வேண்டும் என்று எண்ணி, அதற்குப் பிந்தியவற்றையெல்லாம் பிடுங்கி எறிந்தார்கள். சுவர்ப் பூச்சைச் சுரண்டினார்கள். சுரண்டியபோது அதிலிருந்த பழைய சித்திரங்களும் சேர்ந்து போயின. உடைத்தவர்கள் விட்டு வைத்ததைப் பக்தர்கள் அழித்தார்கள். இதைக் கண்டு மனம் கொதித்த கவிஞர் வில்லியம் மாரிஸ் 1877-ல் பழங்கட்டிடங்களைப் பாதுகாக்கும் சங்கம் ஒன்றைத் தொடங்கினார். பழுது பாருங்கள், ஆனால் பழையதைப் போலப் போலி செய்யாதீர்கள். எந்தக் காலத்தின் அடையாளத்தையும் அழிக்க உங்களுக்கு உரிமை இல்லை என்பது அவர் வாதம். சுவரைச் சுரண்டுவதை எதிர்த்ததால் அதற்குச் 'சுரண்டல் எதிர்ப்புச் சங்கம்' என்றே செல்லப் பெயர் ஏற்பட்டது. மாரிஸ் பொது உடைமைவாதியும் ஆனபடியால், தமிழில் அந்தப் பெயர் அவருக்கு இரண்டு விதத்திலும் பொருந்துகிறது!

மெல்போர்டு கோயிலின் கோபுரமும் இந்த விஷயத்தில் ஒரு பாடம். பழைய கோபுரம் 1710-ஐ ஒட்டி இடி விழுந்து பாழாயிற்று. அந்தக் காலத்து ஊரார் தங்கள் வசதிக்கு ஏற்றபடி 1725-க்குள் செங்கல்லால் ஒரு கோபுரம் எழுப்பினார்கள். கறுப்பும் வெள்ளையுமான கோயிலுக்குச் சிவப்புக் கோபுரம் பொருந்தவில்லை. 1898-ல் பாட்லி என்ற சிற்பி அதைச் சீர்திருத்த முன்வந்தார். அவர் செங்கல் கோபுரத்தை இடிக்கவில்லை. அதை அப்படியே உள்ளே வைத்து, வெளியே சிக்கிமுக்கிக் கல்லாலும் வெண்கல்லாலும் புதிய உடை போர்த்தினார். 1903-ல் வேலை முடிந்தது. வெளியே இருந்து பார்ப்பவர்களுக்கு அது ஆதியிலிருந்தே இருந்தது போல் தோன்றும். ஏழை ஊரார் கட்டிய செங்கல் கோபுரம் அதன் உள்ளே இன்னும் பாரத்தைத் தாங்கிக்கொண்டுதான் இருக்கிறது.

வெளியே வந்து தெற்குச் சுவர் ஓரமாக மறுபடியும் நடந்தேன். எனக்கு ஒரு விஷயம் அப்போதுதான் உறைத்தது. மரித்தவர்களுக்காகப் பிரார்த்தனை செய்யச் சொல்லும் வாசகங்களை ஒழிப்பதும் அந்தக் காலத்துச் சீர்திருத்தக்காரர்களின் வேலைகளில் ஒன்று. பல ஊர்களில் சமாதிகளின் மேல் இருந்த பித்தளைத் தகடுகளிலிருந்து அவ்வரிகளைப் பெயர்த்து எடுத்துவிட்டார்கள். மெல்போர்டு சுவரில் மட்டும் இத்தனை பெயர்கள் எப்படித் தப்பின? கறுப்புக் கல்லுக்கு நடுவே வெண்கல்லைப் பதித்த எழுத்துக்கள் ஆயிற்றே. சுண்ணாம்பு பூசி மறைப்பதற்கு அது உட்சுவர் அல்ல. பெயர்த்தெடுப்பதானால் சுவரையே சிதைக்க வேண்டும். சுவர் போனால் கோயில் போகும். மதம் மாறினாலும் ஊருக்குக் கோயில் வேண்டியிருந்தது. எப்படி யோசித்தாலும், அந்தப் பெயர்களைக் காப்பாற்றியது கல்தச்சனின் கைவேலைதான் என்றே எனக்குத் தோன்றுகிறது.

ஆனால் பெயர் நின்றும் பலன் என்ன என்று கேட்கலாம். அவர்கள் கேட்ட பிரார்த்தனையை இந்தக் கோயிலின் மதம் பல தலைமுறைகளாகக் கைவிட்டிருந்தது. கிளாப்டன் போட்ட கணக்குத் தப்பிவிட்டது. ரோஜர் மார்ட்டினின் நம்பிக்கையும் அவர் நினைத்தபடி நிறைவேறவில்லை. எனினும் அவர் எழுதி வைத்த நாலு பக்கம் இல்லாவிட்டால், அந்தப் பொன் நட்சத்திரங்கள் இருந்ததே நமக்குத் தெரிந்திராது. சிற்பத்தை அவரால் திரும்ப வைக்க முடியவில்லை. ஞாபகத்தை வைத்துவிட்டுப் போனார். பளிங்குச் சிற்பத்தைப் புதைத்தவனும், செங்கல் கோபுரம் கட்டியவர்களும், வாய்ப்பாடு எழுதிய வாத்தியாரும், அதை அழிக்காமல் விட்டவர்களும் தங்களால் முடிந்ததைச் செய்தார்கள். பெரிய பிரபு கட்டினார் என்பது சரித்திரத்தில் ஒரு வரி. ஐந்நூறு வருஷம் அது விழாமல் நின்றதற்குக் காரணமானவர்களின் பெயர்களை எழுதச் சுவர் போதாது.

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. அதற்கு முன்னால், அந்நிய தேசத்தவனும் அந்நிய மதத்தவனுமான நான், சுவரில் இருந்த பெயர்களை ஒவ்வொன்றாக வாய்விட்டுப் படித்தேன். ராபர்ட் ஸ்பாரோ, மேரியன், தாமஸ் கூப்பர், மேபல், ஜான் கிளாப்டன், அவருடைய பட்லர் ரிச்சர்ட் லவ்டே. புல்வெளியில் ஒருவரும் இல்லை. கேட்டுச் சிரிக்க ஆள் இல்லாதது சௌகரியமாக இருந்தது. அவர்கள் கேட்டது புகழ் அல்ல, நினைவுதான் என்று அவர்களே சொல்லியிருக்கிறார்கள். அதைக் கொடுப்பதற்கு நான் எந்த மதத்தைச் சேர்ந்தவன் என்று சுவர் கேட்கவில்லை.